வண்டிக்கும் ஒரு மூக்கு

அத்தியாயம் பதினான்கு

மூன்று மணிக்கு ஆள் வருகிறது என்று நல்லமுத்து சொன்னார். சொல்லிவிட்டு ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டார். வாயில் வைக்காமல் தட்டிலேயே போட்டுவிட்டார்.

"கினிகத்தேனையில இருந்து சின்னராசா வர்றான். பிக்கப்புல கயித்தக் கட்டி இழுத்துட்டுப் போயிருவான். பேசி முடிச்சிட்டேன்."

போயா, பௌர்ணமி லீவு. காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்கு ஓட வேண்டியதில்லை. இப்படிப்பட்ட நாளில் அந்த வீட்டு ரேடியோ விடியும்போதே பாட ஆரம்பித்துவிடும். இன்றைக்கு அதைக்கூட யாரும் தொடவில்லை.

"வித்துத்தான் ஆகணுமாங்க?" என்றாள் அவர் மனைவி சண்முகவடிவு.

"ஏத்தம் ஏறாத வண்டிய மலையில வச்சிக்கிட்டு என்ன பண்றது? மாலை போட்டுக் கும்புடுறதா?"

வடிவு ஒன்றுக்கு ஒன்பது சொல்கிறவள். இன்றைக்கு அடுப்பை ஊதப் போனவள், ஊதாமல் அங்கேயே குந்திவிட்டாள்.

போன வாரம் இந்தப் பக்கத்தைத் தவறவிட்டவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். தவறாமல் படிக்கிறவர்கள் அதற்குள் ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

நோர்வூட்டுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீடு நல்லமுத்துவுடையது. இருபத்தெட்டு வருடம் தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டியவர். வேலையை விட்டு வந்ததும் வாங்கியது இந்தச் சின்ன வெள்ளைக் கார். அவருடைய மகன் மதுரனைவிட அதற்கு இரண்டு வயது கூட. ஆனால் அந்த மலைக்கு அது ஒன்றுதான் வண்டி. பிரசவமா, காய்ச்சலா, பரீட்சைக்குப் போகும் பிள்ளையா, எல்லாரும் வந்து தட்டுவது அந்தக் கடைசி வீட்டுக் கதவைத்தான்.

ஐந்து வாரத்துக்கு முன்னால் ஏழாம் நம்பர் மலையில் குளவி கலைந்தது. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த வடிவுக்கு மட்டும் முப்பத்தெட்டுக் கொட்டு. நல்லமுத்து அவளையும் இன்னும் மூன்று பெண்களையும் அள்ளிப் போட்டுக்கொண்டு, கொழுந்து லொறிகூடத் தயங்குகிற பாதையில் ஒரே மிதியாய் மிதித்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார். "இன்னும் பத்து நிமிசம் பிந்தியிருந்தா நாங்க கைய விரிச்சிருப்போம்" என்றார் டாக்டர். வடிவு பிழைத்தாள்.

அதே வண்டிதான் இரண்டு வாரத்துக்கு முன்னால், வலிப்பு வந்த கைக்குழந்தையோடு ஒரு தாயை ஏற்றிப் போகும்போது, கோயில் ஏத்தத்தின் நடுவில் மூச்சு முட்டி நின்றது. நல்ல காலம், பின்னால் மரக்கறி லொறி ஒன்று வந்தது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. நல்லமுத்துவுக்குத்தான் அன்றிலிருந்து தூக்கமும் இல்லை, சோறும் இல்லை. ஹட்டனில் ஒரு பாஸிடம் காட்டினார். (மெக்கானிக்கை எங்கள் பக்கம் பாஸ் என்றுதான் சொல்வோம்.) அவர் காதை வைத்துக் கேட்டார், உதட்டைப் பிதுக்கினார், "என்ஜின் முடிஞ்சு போச்சு அண்ணே" என்றார்.

அவ்வளவுதான் கதை. இனி இன்றைக்கு நடந்ததற்கு வருவோம்.

*

அந்த வீட்டில் மூன்றாவதாக ஒருத்தி இருக்கிறாள். மதுரனின் மனைவி நிரோஜினி. மதுரன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. மாதத்துக்கு ஒருமுறை வருவான், வந்த வேகத்தில் போவான்.

நிரோஜினி வேதக்காரப் பெண், கிறிஸ்தவள். கினிகத்தேனையில் கராஜ் வைத்திருக்கும் அந்தோனிமுத்துவின் ஒரே மகள். கலியாணம் பதிவோடு முடிந்தது. அப்பா வரவில்லை. ஏழு மாதமாகிறது, போனையும் எடுப்பதில்லை.

மாமியார் வடிவு அவளோடு சண்டை போட்டதில்லை. அன்பாய்ப் பேசியதும் இல்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "ஏ, இந்தா" என்பாள். வந்த முதல் வாரம், நல்லமுத்து பேனட்டைத் திறந்து வைத்திருந்தபோது நிரோஜினி ஆசையாய் எட்டிப் பார்த்தாள். உடனே வாசலிலிருந்து குரல் வந்தது.

"எங்க வூட்டுப் பொம்பளைங்க மோட்டார்ல ஏறுவாங்க. அதுக்குள்ள தலைய வுட மாட்டாங்க."

அன்றிலிருந்து அவள் அந்த வண்டிப் பக்கம் போனதில்லை. சின்ன வயதிலிருந்து ஸ்பானரோடு வளர்ந்த கை, ஏழு மாதமாகச் சட்டிதான் தேய்க்கிறது. எனக்கு வந்த கோபம் அவளுக்கு வரவில்லை பாருங்கள், அதுதான் ஆச்சரியம்.

ரொட்டித் தட்டை எடுக்க வந்தவள், மாமா சாப்பிடவில்லை என்பதைப் பார்த்தாள். வெளியே போனாள். நல்லமுத்து வாளியில் தண்ணீர் வைத்துக்கொண்டு வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"விக்கப் போற வண்டிக்கு என்னத்துக்கு மாமா குளிப்பாட்டு?"

"அழுக்கோட அனுப்பலாமா? உங்க அத்தைய உசுரோட கொண்டாந்து விட்ட வண்டி இது." துணியைப் பிழிந்தார். பிழிந்துகொண்டே இருந்தார். "ஒன்னு சொல்றேன். அவ காதுல போட்றாத."

"சொல்லுங்க மாமா."

"இந்த என்ஜினக் கொன்னது நான்தான். அன்னைக்கு நாலு பேரப் போட்டுக்கிட்டு மிதிச்ச மிதியில கருகிப் போச்சு. எனக்குத் தெரியும். திரும்பவும் அப்பிடி ஒரு நாள் வந்தா திரும்பவும் மிதிப்பேன், அது வேற. ஆனா அவளுக்குத் தெரிஞ்சா 'என்னாலதானே வண்டி போச்சு'ன்னு உக்காந்து அழுவா. வயசாயிப் போச்சுன்னு நெனச்சுக்கிடட்டும்."

நிரோஜினி ஈரமாய் மினுங்கிய பேனட்டைப் பார்த்தாள்.

"மாமா, ஒன்னு கேக்கவா? அத்தையத் திருப்பிக் கூட்டிட்டு வர ஆஸ்பத்திரிக்குப் போனீங்களே, அன்னைக்குக் கோயில் ஏத்தத்துல எப்பிடி ஏறுச்சு?"

"அன்னைக்கா?" யோசித்தார். "ரெண்டாவது கியர்ல ஜம்முன்னு ஏறுச்சு."

"அப்ப நீங்க மிதிச்சதுல கருகல. கருகுன என்ஜின் நாலு நாள் நல்லா ஓடிட்டு அஞ்சாம் நாள் கருகாது மாமா."

நல்லமுத்துவின் கையில் துணி நின்றது. இருபத்தெட்டு வருடம் ஸ்டியரிங் பிடித்தவருக்கு இது தோன்றாமல் போயிருக்குமா? தோன்றியிருக்கும். குற்றம் செய்துவிட்டோம் என்று நம்புகிறவன் சாட்சியைக் கூப்பிடமாட்டான்.

"எனக்கு மூணு மணி வரைக்கும் குடுங்க," என்றாள் நிரோஜினி. "வேற ஒன்னும் வேணாம். சாமான் பெட்டிய மட்டும் எடுத்துத் தாங்க."

நல்லமுத்து வாசலைப் பார்த்தார். வடிவு சுளகில் அரிசியோடு அங்கே வந்து உட்கார்ந்திருந்தாள். பழைய வசனத்தை மறுபடி சொல்வாளோ என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

வடிவு தலையைக் குனிந்து கல் பொறுக்கினாள். "வெயில் வருது, தொப்பியப் போட்டுக்கச் சொல்லுங்க," என்றாள் புருசனிடம்.

*

முதலில் வண்டியைத் தள்ளச் சொன்னாள். லயத்து முற்றத்தின் சமதரையில் நல்லமுத்து ஒற்றை ஆளாய்த் தள்ளினார். வழுக்கிக்கொண்டு போயிற்று.

"பிரேக் புடிச்சிக்கிட்டு நிக்கல. அது சரி. இப்ப ஸ்டாட் பண்ணுங்க."

ஸ்டாட் ஆனது. நின்ற இடத்தில் ஒரு குறையும் இல்லை, பூனை போல் உறுமிக்கொண்டு நின்றது.

"மிதிங்க."

மிதித்தார். கொஞ்சம் ஏறியது. பிறகு தொண்டையில் சோறு அடைத்தவன் மாதிரி 'உப்... உப்...' என்று திணறிற்று. பின்னால் குபுக்கென்று கறுப்புப் புகை.

"கிளட்ச் தேஞ்சிருந்தா என்ஜின் கத்தும், வண்டிதான் நகராது. இங்க என்ஜினே கத்த மாட்டேங்குது. கிளட்சும் இல்ல."

வண்டியை நிறுத்தி மூன்று பிளக்கையும் கழற்றினாள். மூன்றும் அடுப்புக் கரி. விரலால் தேய்த்துப் பார்த்தாள், மூக்கருகே கொண்டுபோனாள்.

"பாருங்க மாமா, காஞ்ச கரி. பிசுபிசுப்பு இல்ல. உள்ள தேஞ்சு போயிருந்தா எண்ணெய் வழியும். இது பெற்றோலு எரியாம கரியாயிருக்கு."

"அப்ப ஹட்டன் பாஸு சொன்னது?"

"அவரு கேட்டுட்டுச் சொல்லிட்டாரு. கழட்டிப் பாக்கல." பிளக் ஓட்டை ஒன்றில் கட்டைவிரலை அழுத்தினாள். "இப்ப சாவியப் போடுங்க, ஒரு சுத்து போதும்."

சாவி திரும்பியதும் விரல் 'பட்'டென்று எகிறியது. அடுத்த ஓட்டை, 'பட்'. மூன்றாவது, 'பட்'. அவள் முகம் மலர்ந்தது. விரலை உதறிக்கொண்டு சிரித்தாள்.

"என்ஜின் சாகல மாமா. நல்ல தெம்பா இருக்கு. வெளிய எங்கயோதான் கோளாறு."

நல்லமுத்து ஸ்டியரிங்கிலேயே சாய்ந்தார். 'சாகல' என்ற சொல்லை அவர் இரண்டு வாரமாக யாரிடமும் கேட்கவில்லை. அவர் கும்பிடுகிற சாமிகள் எல்லாவற்றின் பெயரையும் வரிசையாகச் சொன்னார். கேட்டுக்கொண்டே நிரோஜினி பிளக்குகளைத் தேய்த்துத் திருப்பி மாட்டினாள்.

"கரி படிஞ்சிருக்குன்னா ஒன்னு பெற்றோலு கூடிருக்கணும், இல்ல காத்து கொறஞ்சிருக்கணும். பெற்றோலு சரியாத்தான் வருது. அப்ப காத்து."

"எயார் பில்டர் புதுசும்மா! போன வாரந்தான் போட்டேன். நானே ஊதி ஊதிப் பாத்தேன்," என்றார் நல்லமுத்து. "இந்த லயத்துக்கே தெரியுமே. வண்டிக்கும் மூக்கு இருக்கு, மூக்கு அடைச்சா மலை ஏறாதுன்னு நான்தான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறேன்."

வாசலில் சுளகு நின்றது. இரண்டு பேரும் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன்.

நிரோஜினி பில்டர் இருந்த கறுப்புப் பெட்டியின் மூடியைத் திறந்து ஓரமாய் வைத்தாள். பில்டரைத் தூக்கிப் பார்த்தாள். உண்மைதான், புதுசு.

"மூடி இல்லாம ஒருக்கா மிதிங்க."

மிதித்தார்.

அப்பப்பா! அந்த மலையே எழும்பியது என்று சொன்னால் பொய் இல்லை. திணறல் இல்லை, விக்கல் இல்லை, சின்ன வண்டி வரிந்து கட்டிக்கொண்டு கத்தியது. லயத்து வீடுகளிலிருந்து தலைகள் எட்டின. நல்லமுத்து பயந்துபோய்க் காலை எடுத்தார். பிறகு ஆசை தாங்காமல் மறுபடி மிதித்தார்.

"மூடி போட்டு மிதிங்க."

'உப்... உப்...'

"பில்டரே இல்லாம, மூடி மட்டும் போட்டு."

'உப்... உப்...'

நிரோஜினி நிமிர்ந்தாள். நெற்றியில் கரி. "பில்டர் இல்ல மாமா. அதுக்கு முன்னாடி. இந்தக் குழாயி."

பெட்டியிலிருந்து முன்பக்கம் நீண்டு, வளைந்து, வெளிக்காற்றைக் குடிக்கிற குழாய் அது. ஊதிச் சுத்தம் பண்ணுகிறவர்கள் பில்டரை ஊதுவார்கள், குழாயை யார் பார்க்கிறார்கள்? என்ஜினை நிறுத்தச் சொல்லிவிட்டு, அதைக் கழற்றி உள்ளே விரலை விட்டாள். எட்டவில்லை. கம்பியொன்றை வளைத்து விட்டாள். மெத்தென்று ஏதோ மாட்டியது. மெதுவாய் இழுத்தாள்.

மஞ்சள் துணி.

மஞ்சளில் தோய்த்த துணி, அதற்குள் வட்டமாய் ஒரு காசு, கொஞ்சம் திருநீறு. மூன்று முடிச்சுப் போட்டு இறுக்கியிருந்தது. வளைவில் போய் அடைத்துக்கொண்டு கிடந்திருக்கிறது. சும்மா நிற்கும்போது ஓரத்தில் கசிகிற காற்று போதும். மிதித்தால் துணி இன்னும் உள்ளே இழுபட்டு மூச்சை அடைத்துவிடும்.

நிரோஜினிக்கு அந்தத் துணியைத் தெரியும். வடிவு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இரண்டாவது வெள்ளிக்கிழமை, குசினியில் ஒரு கிண்ணத்தில் மஞ்சள் கரைத்து அதை ஊறவைத்ததை அவள் பார்த்திருந்தாள். 'என்னா அத்த அது' என்று கேட்டதற்கு, 'உனக்கு வேணாத வேலை' என்ற பதிலும் வாங்கியிருந்தாள்.

விரல்கள் மூடிக்கொண்டன.

"என்னாம்மா அது?" நல்லமுத்து இறங்கி ஓடி வந்தார்.

ஏழு மாதப் பாக்கியை ஒரே வார்த்தையில் தீர்த்துக்கொள்ளும் சந்தர்ப்பம் அது. வேறு மருமகளாக இருந்தால், நானாக இருந்தால், லயம் முழுவதும் கேட்கிற மாதிரி சொல்லியிருப்பேன்.

"துணித்துண்டு மாமா," என்றாள் நிரோஜினி. கை பாவாடைப் பைக்குள் போயிற்று. "எலி இழுத்துட்டு வந்து கூடு கட்டப் பாத்துருக்கு."

"எலியா!" நல்லமுத்துவுக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாய் வந்தன. "ஒரு எலியா என்னைய ரெண்டு வாரமா தூங்க விடாம அடிச்சது? வலிப்பு வந்த புள்ளைய நடு ஏத்தத்துல நிறுத்துனது எலியா? அந்தச் சனியன் மட்டும் என் கையில கெடைக்கட்டும், வாலப் புடிச்சுச் சொழட்டி ஆத்துல வீசுறேன்!"

அரிசி சிந்தும் சத்தம் கேட்டது.

வடிவு வாசலை விட்டு இறங்கி வந்தாள். முகத்தில் குளவி கொட்டிய தழும்புகள் இன்னும் முழுதாய் மறையவில்லை. வண்டிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"வீசுங்க. நான்தாங்க அந்த எலி."

*

"நேந்துக்கிட்டேன்," என்றாள் வடிவு. "ஆஸ்பத்திரிக் கட்டில்ல கண்ணு முழிச்சதும் எனக்கு உங்க மொகத்துக்கு முந்தி இந்த வண்டிதாங்க ஞாபகத்துக்கு வந்துச்சு. ரோதைமுனிக்குக் காசு முடிஞ்சு, 'என்னையக் காப்பாத்துன வண்டிய நீ காப்பாத்து'ன்னு வேண்டிக்கிட்டேன்."

ரோதைமுனி தேயிலை ஃபெக்டரிக்குக் காவல் தெய்வம். சுழல்கிற ரோதைகளில் யாருடைய கையும் சிக்காமல் பார்த்துக்கொள்பவர். சுழல்கிறது எல்லாம் அவர் கணக்கில்தான் வரும் என்பது எங்கள் மலை வழக்கம். வண்டிச் சக்கரமும் அதில் சேர்த்தி.

"முடிஞ்ச காச மூடி வைக்க வேறெடம் கெடைக்கலையா?"

"கண்ணாடியில தொங்கவுட்டா நீங்க அறுத்துப் போட்டுருவீங்க. 'பனியில பாதை மறைக்கும்'னு மல்லியப்பூச் சரத்தையே பிச்சு எறிஞ்ச ஆளு. சீட்டுக்கடியில வைக்கலாம்னா சாமி காச மிதிப்பாங்க." பேனட்டைத் தொட்டாள். "நீங்கதானே சொன்னீங்க, வண்டிக்கும் மூக்கு இருக்கு, அதுலதான் மூச்சுப் போகுதுன்னு? மூச்சுப் போற எடந்தான் உசுருன்னு நெனச்சேன். அங்க வச்சா உசுருக்குக் காவலா இருக்கும்னு நீங்க குளிக்கப் போன நேரம் பாத்து வச்சேன்."

"வண்டி இழுக்காமப் போனப்ப சொல்ல வேண்டியதுதானே?"

"முனி கோவிச்சுக்கிட்டாருன்னு நெனச்சேங்க! பொங்கல் வைக்கிறேன்னு சொல்லிட்டு இன்னும் வைக்கலையே. வெள்ளிக்கு வெள்ளி போயி மன்னிப்பு கேட்டுக்கிட்டு வந்தேன். அடைச்சது நான்தான்னு எனக்கெங்க தெரியும்? இன்னைக்கு இந்தப் புள்ள குழாய்க்குள்ள கைய வுட்டப்பதான்..."

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

நல்லமுத்துவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. "புள்ளையாரு புடிக்கப் போயி..." என்று ஆரம்பித்தார். கண் நிரம்பிவிட்டது. அவளுக்குத் தெரியாமல் தான் வைத்திருந்ததையும், என்ஜினைக் கருக்கிவிட்டோம் என்று நம்பி விற்கத் துணிந்ததையும், அங்கேயே நடு முற்றத்தில் சொல்லிவிட்டார்.

"அட மனுசா," என்றாள் வடிவு அழுதுகொண்டே. "அதையா இத்தன நாளா தனியாத் தூக்கிச் சொமந்தீங்க?"

ஒருவருக்காக ஒருவர் ஒளித்து வைத்ததில் ஒரு வண்டியே போகப் பார்த்தது. நல்ல குடும்பம்தான், போங்கள்.

வடிவு மருமகள் பக்கம் திரும்பினாள்.

"பைக்குள்ள வச்சிருக்கியே, அத எடு."

நிரோஜினி எடுத்தாள். இரண்டு கையாலும் ஏந்தி மாமியார் கையில் வைத்தாள். கரி பட்டிருந்த இடத்தை முதலில் தன் பாவாடை நுனியால் துடைத்துவிட்டுத்தான் கொடுத்தாள்.

"எலின்னு எதுக்குச் சொன்ன?"

"சும்மாதான் அத்த."

"சும்மாவா?" வடிவு அந்தக் கரி படிந்த கையை விடவில்லை. "வந்த நாள்ல இருந்து உன்னைய நான் ஒரு வார்த்த நல்லாப் பேசுனதில்ல. நீ என்னைய ஊரு சிரிக்க விட்டுருக்கலாம். விடல. எனக்கு நன்றி சொல்லத் தெரியல புள்ள. சோத்துல உப்புக் கூடிருச்சுன்னா சொல்லத் தெரியும், இது தெரியல."

"போதும் அத்த, விடுங்க," என்றாள் நிரோஜினி. அவளும் அழுதாள்.

*

சின்னராசா சொன்னபடி மூன்று மணிக்கு வந்தார். தோளில் கயிறு.

"கயித்த உள்ள போடு தம்பி," என்றார் நல்லமுத்து. "வண்டி விக்கிறதுக்கில்ல. தப்பா நெனச்சுக்காத, தேத்தண்ணி குடி."

"என்னாண்ணே, நேத்து 'எடுத்துட்டுப் போ, எடுத்துட்டுப் போ'ன்னு அழுதீங்க?"

"நேத்து அதுக்கு மூச்சு முட்டிக்கிட்டு இருந்துச்சு. நீயும் ஏறு, காட்டுறேன்."

நான்கு பேரும் ஏறினார்கள். வடிவு முன் சீட்டில், மடியில் முடிச்சோடு. நிரோஜினியும் சின்னராசாவும் பின்னால். முற்றத்தைத் தாண்டி, தண்ணீர்ப் பீலியைத் தாண்டி, பாலத்தடியில் திரும்பி, கோயில் ஏத்தத்தின் அடிவாரத்துக்கு வந்தார்கள். குழந்தையோடு நின்றுபோன அந்த வளைவு மேலே தெரிந்தது. நல்லமுத்துவின் உள்ளங்கை வேர்த்திருந்தது, வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

இரண்டாவது கியர் போட்டு மிதித்தார்.

வண்டி ஏறியது. வளைவைத் தாண்டியது. அடுத்த வளைவையும் தாண்டியது. கோயில் மணிக்கூண்டு வரைக்கும் ஒரு விக்கல் இல்லாமல் ஏறி நின்றது. நல்லமுத்து இறங்கி வண்டியின் பேனட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு திரும்பி மருமகளுக்கும் ஒரு கும்பிடு போட்டார்.

"ஐயோ மாமா!"

"இருக்கட்டும்மா. இந்த மலைக்கு இனி ராத்திரி பகல்னு பயமில்ல. அது உன்னாலதான்."

சின்னராசா பின் சீட்டிலிருந்து இறங்கி நிரோஜினியை உற்றுப் பார்த்தார். "நீ அந்தோனி பாஸோட மகதானே? கண்டுபுடிச்சது நீயா? அதானே பாத்தேன்! கராஜ்ல ஒரு வண்டி புடி குடுக்கலன்னா உங்கப்பா ஸ்பானரத் தூக்கி எறிஞ்சிட்டு, 'என் மக இருந்தா இந்நேரம் கண்டுபுடிச்சிருப்பா'ம்பாரு. கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளிச்சுப் போச்சு."

நிரோஜினி சட்டென்று கோயில் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வடிவு பார்த்தாள். முடிச்சைக் கொண்டுபோய்க் கோயிலில் ரோதைமுனி காலடியில் வைத்தாள். "வெள்ளிக்கெழம பொங்கல் வச்சிர்றேன் சாமி. வண்டிக்குள்ள இனிமே நீ வர வேணாம், இங்கருந்தே பாத்துக்க," என்று சத்தமாகவே சொன்னாள். திரும்பி வந்து மருமகளிடம் கையை நீட்டினாள்.

"உன் போனக் குடு. உங்கப்பா நம்பரப் போடு."

"எடுக்க மாட்டாரு அத்த."

"சின்னராசா தம்பி, உங்க போனக் குடுங்க."

மூன்றாவது மணியில் எடுத்துவிட்டார்கள். வடிவு போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கினிகத்தேனைக்கு நேரடியாகவே கேட்கட்டும் என்பதுபோல் கத்தினாள்.

"சம்பந்திங்களா? நான் நோர்வூட்டு வடிவு. உங்க மகளோட மாமியா. வச்சிராதீங்க! ஒரே ஒரு வார்த்த சொல்லிட்டு நானே வச்சிர்றேன். இன்னைக்கு எங்க வண்டிக்கு உங்க மக மூச்சுக் குடுத்தா. என் மானத்தையும் காப்பாத்துனா. இப்பிடி ஒரு புள்ளைய வளத்து எங்களுக்குக் குடுத்ததுக்கு..." நிறுத்தினாள். "இல்ல, நீங்க குடுக்கல. நாங்களா எடுத்துக்கிட்டோம். அதுக்கு மன்னிச்சிருங்க. ஆனா வளத்தது நீங்கதானே? அதுக்குத்தான் நன்றி சொல்லக் கூப்புட்டேன்."

எதிர்ப்பக்கம் போனை வைக்கவில்லை. பிறகு ஏதோ கேட்டது. வடிவு முகத்தைச் சுளித்தாள்.

"என்னமோ மோட்டாரு பாஷையில கேக்குறாரு, எனக்கு வெளங்கல. நீயே பேசு நிரோ."

நிரோ. அந்த வீட்டில் அவள் பெயர் முதல்தடவையாக மாமியார் வாயிலிருந்து வந்தது.

போனைக் காதில் வைத்தாள்.

"எயார் பில்டர் பழசா?" என்றது அப்பாவின் குரல்.

"புதுசுதான்பா."

"அப்ப குழாயப் பாத்தியா?"

"பாத்தேன்பா. அங்கதான் அடைச்சிருந்துச்சு."

"ம்." அந்தோனிமுத்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "மூடியத் தொறந்து ஓட்டிப் பாத்துட்டுத்தானே கண்டுபுடிச்ச? கெட்டிக்காரி." பிறகு குரல் தாழ்ந்தது. "நாளைக்கு வா. உன் மாமனார் மாமியாரையும் கூட்டிட்டு வா. உன்கிட்ட நான் சொல்ல வேண்டியது ஒன்னு இருக்கு. கலியாணத்துக்கு முந்தியே சொல்லியிருக்கணும். போன்ல வேணாம்."

"என்னாப்பா?"

வைத்துவிட்டார்.

நிரோஜினி போனைப் பார்த்தபடியே நின்றாள். "நாளைக்கு எல்லாரையும் வரச் சொல்றாரு அத்த. என்னமோ சொல்லணுமாம்."

நல்லமுத்து அதற்குள் வண்டிக்குத் தண்ணீரும் எண்ணெயும் பார்க்கப் பேனட்டைத் தூக்கிவிட்டார். வடிவு இழுத்துச் செருகியிருந்த முந்தானையை எடுத்து மருமகளின் நெற்றிக் கரியைத் துடைத்தாள்.

"கினிகத்தேனைக்கு ஏத்தம் நெறைய இருக்கா?"

"போறப்ப எறக்கந்தான் கூட. வர்றப்பதான் அத்த ஏத்தம்."

"ஏறும்," என்றாள் வடிவு.